பைத்தான் அடிப்படை முடிந்தது. அடுத்து எதைப் படிப்பது?

சின்னாறு (பாலக்கோடு)

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நிரல் எழுதுவதைச் சொந்தமாகத்தான் கற்றுக்கொண்டு வருகிறேன். பைத்தானில் லூப், ஃபங்ஷன், லிஸ்ட், டிக்‌ஷனரி, ஒரு கோப்பைத் திறந்து படிப்பது, அதில் எழுதுவது வரை வந்துவிட்டேன். பயிற்சிக் கணக்குகளை விடையைப் பார்க்காமலே போட முடிகிறது. இதற்கு மேல் எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதான் புரியவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மாமா மகன் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கச் சொல்கிறார். கல்லூரி சீனியர் அக்கா ஜாவாதான் சோறு போடும் என்கிறார். யூடியூபைத் திறந்தால் செயற்கை நுண்ணறிவைத் தவிர வேறு பேச்சே இல்லை. தருமபுரியில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். நீளமான பாடத்திட்டத் தாளைக் கையில் கொடுத்தார்கள். அதில் இருக்கும் பெயர்களில் எது எதற்கு என்று கேட்டதற்கு, சேர்ந்த பிறகு எல்லாம் புரியும் என்றார்கள். அவர்கள் கேட்கும் கட்டணம் அப்பாவின் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அவர் இங்கே ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார்.

வீட்டில் இருப்பது அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. மெதுவாக ஓடும், ஆனால் ஓடுகிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வத்தல்மலை (தருமபுரி)

ஜாவா. யோசிக்கவே வேண்டாம். நான் பொறியியல் இறுதியாண்டு. எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் கேட்பதில் பாதி ஜாவாவும் பொருள்நோக்கு நிரலாக்கமும்தான். பைத்தான் படித்திருக்கிறேன் என்றால், சரி, வேறு என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். வேலைக்காகப் படிக்கிறோம் என்றால் வேலை கொடுப்பவர் கேட்பதைப் படிப்பதுதானே முறை?

தீர்த்தமலை (அரூர்)

நான் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். என் கருத்து வேறு. அடுத்து சி மொழியைப் படி அம்மா.

டென்னிஸ் ரிச்சி 1972 வாக்கில் உருவாக்கிய மொழி அது. பழையது என்று ஒதுக்கிவிட முடியாது. நீ கணினியில் இறக்கி வைத்திருக்கும் பைத்தானே சியில் எழுதப்பட்டதுதான். பைத்தானில் ஒரு லிஸ்ட்டில் பொருளைச் சேர்க்கிறாய். இடம் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பதில்லை. சியில் அந்த இடத்தை நீயே கேட்டு வாங்கி, நீயே திருப்பிக் கொடுக்க வேண்டும். நினைவகம் என்றால் என்ன, ஓர் எழுத்து எத்தனை பைட் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஹார்வர்டு பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் சிஎஸ்50 பாடமும் சியில் பல வாரம் நிறுத்தி, அதற்குப் பிறகுதான் பைத்தானுக்கு வருகிறது. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டக் கூடாது.

தென்பெண்ணை (ஓசூர்)

சின்னாறு, ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மென்பொருள் பிரிவில் இருக்கிறேன். உங்களுக்கு அக்கா வயது இருக்கும். மேலே இருவரும் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் ஒரு மொழியின் பெயரைச் சொன்னார்கள். நான் உங்களிடம் கேட்பது வேறு: இதுவரை கற்ற பைத்தானால் யாருக்காவது பயன்படும்படி ஏதாவது செய்திருக்கிறீர்களா?

பயிற்சிக் கணக்கை யாரோ அளந்து வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு வேண்டியது எல்லாம் அந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கும். அதனால் எவ்வளவு போட்டாலும் உங்களிடம் என்ன இல்லை என்பது தெரியவே தெரியாது. தெரியாத வரை எந்தப் பெயரைக் கேட்டாலும் அதுதான் வேண்டும் போலத் தோன்றும். பயிற்சி நிலையத்தின் தாள் மலைப்பாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அப்பா மண்டியில் கணக்கு எழுதுகிறார் என்கிறீர்கள். இதைவிட நல்ல பாடநூல் உங்களுக்கு எங்கே கிடைக்கும்? ஒரு சீட்டில் என்னென்ன எழுதுவார்? தேதி, விவசாயி பெயர், ஊர், எத்தனை பெட்டி, என்ன விலைக்கு ஏலம் போனது, கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை, வாங்கிய முன்பணத்தில் கழித்தது, கையில் கொடுத்தது. இதை உங்களுக்குத் தெரிந்த பைத்தானை மட்டும் வைத்து எழுதுங்கள். புதிதாக எதையும் படிக்க வேண்டாம். சிஎஸ்வி கோப்பில் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சாதாரணக் கோப்பு) சேமித்தால் போதும். அப்பாவிடம் பழைய சீட்டுக் கட்டு ஒன்றை வாங்கி, ஒரு வாரத்துக் கணக்கை உள்ளே ஏற்றுங்கள். எங்கே இடிக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். அடுத்து எது என்பதை அதை வைத்துப் பேசலாம்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். பணம் கொடுத்து எங்கும் சேராதீர்கள். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். தமிழில் படிக்க வேண்டும் என்றால் கணியம் தளத்தில் மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எது எதற்கு என்று சேரும் முன்பே சொல்ல முடியாத இடத்தில் அப்பாவின் பணத்தைக் கட்ட என்ன அவசியம்?

வத்தல்மலை (தருமபுரி)

அக்கா, மண்டிக் கணக்கு எழுதியவருக்கு எந்த நிறுவனம் வேலை கொடுக்கும்? நேர்முகத்தில் அதையா கேட்பார்கள்?

தென்பெண்ணை (ஓசூர்)

தம்பி, நேர்முகத்தில் எதிர்ப்பக்கம் நானும் உட்காருகிறேன். நீங்கள் செய்த புராஜெக்ட் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்போம். பத்தில் எட்டுப் பேர் நூலக மேலாண்மை அல்லது மாணவர் வருகைப் பதிவு என்பார்கள். அதில் எது கடினமாக இருந்தது என்று அடுத்த கேள்வி போட்டால் பேச்சு நின்றுவிடும். உண்மையான சீட்டை வைத்து வேலை செய்த பெண் அந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பேசுவாள்.

ஆனாலும் உங்கள் நிலை வேறு, அதை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஆண்டு கல்லூரிக்கு வருகிறவர்கள் ஜாவா கேட்கிறார்கள் என்றால் நீங்கள் ஜாவாவை விடாதீர்கள். உங்களுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சின்னாறுக்கு இன்னும் குறிக்கவில்லை. ஒரே பதிலை இருவருக்கும் சொல்வது தவறு.

கேழ்வரகு (பென்னாகரம்)

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். என்னிடம் போன் மட்டுமே இருக்கிறது. கணினி இல்லாமல் இதெல்லாம் முடியுமா?

தீர்த்தமலை (அரூர்)

பைத்தான் அடிப்படை வரை முடியும் தம்பி. கூகுள் கோலாப் போன் உலாவியிலேயே திறக்கும். நிரல் கூகுளின் கணினியில் ஓடும், உன் போனுக்குச் சுமை இல்லை. நீளமான நிரலைத் தட்டுவதுதான் சிரமம், அதனால் ஒரு பழைய யுஎஸ்பி விசைப்பலகையும் அதைப் போனில் செருக ஓடிஜி இணைப்பும் வாங்கிக்கொள். அதற்குமேல் கல்லூரி ஆய்வகத்தில் வகுப்பு இல்லாத நேரம் உட்கார அனுமதி கேள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கேட்கிற மாணவர்கள்தான் குறைவு.

சின்னாறு (பாலக்கோடு)

தென்பெண்ணை அக்கா சொன்னபடியே செய்தேன். ஒரு வாரத்துச் சீட்டுகளை அப்பாவும் நானும் உட்கார்ந்து ஏற்றினோம். நிரல் ஓடுகிறது. ஆனால் அப்பாவின் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மூன்று இடத்தில் உதைக்கிறது.

முதலாவது, ஊர்வாரியாகக் கூட்டினால் தொப்பூர் இரண்டு முறை வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் இருக்கிறது. முன்னும் பின்னும் இடைவெளி இல்லை என்பதையும் பார்த்துவிட்டேன். இரண்டும் ஒன்றா என்று பைத்தானிடம் கேட்டால் இல்லை என்கிறது. பாதிச் சீட்டை நான் கணினியில் தட்டினேன், மீதியை அப்பா போனில் தட்டி அனுப்பினார்.

இரண்டாவது, சில சீட்டுகளில் மட்டும் ஒரு ரூபாய் குறைகிறது. கமிஷன் 412 ரூபாய் 50 காசு வந்தால் மண்டி வழக்கப்படி அப்பா 413 என்று எழுதுகிறார். என் நிரல் 412 என்கிறது. ஆனால் 413 ரூபாய் 50 காசு வந்தால் இருவருக்கும் 414 வருகிறது. எல்லாச் சீட்டிலும் குறைந்தாலாவது புரிந்திருக்கும்.

மூன்றாவது, ஒரே விவசாயியை அப்பா ஒரு சீட்டில் முழுப் பெயராகவும் இன்னொன்றில் தலைப்பெழுத்தோடும் எழுதியிருக்கிறார். நிரல் அவரை இரண்டு ஆளாக்கிவிட்டது. அவருடைய முன்பணம் ஒரு பெயரிலும், தக்காளி வரவு இன்னொரு பெயரிலும் நிற்கிறது. அப்பா சிரித்துவிட்டு, ஆளைப் பார்த்தால் எனக்குத் தெரியும், உன் கணினிக்கு எப்படித் தெரியும் என்றார்.

தீர்த்தமலை (அரூர்)

முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன். நேற்று வகுப்பிலும் இதையே எடுத்துவைத்தேன், மாணவர்கள் அசந்துபோனார்கள்.

'தொ' என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். தகரத்துடன் ஒகரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்ப்பது ஒரு விதம். தகரத்துக்குப் பிறகு ஒற்றைக் கொம்பு, அதன்பின் கால் என்று இரண்டு தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைத்தான் திரையைப் பார்ப்பதில்லை, குறியீட்டு எண்களைத்தான் ஒப்பிடுகிறது. ஒரு விசைப்பலகை முதல் விதத்திலும் இன்னொன்று இரண்டாம் விதத்திலும் அனுப்பியிருந்தால் உனக்கு இரண்டு தொப்பூர் கிடைக்கும். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா என்ற தொகுதியில் நார்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமி. இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதையும் செய்து பார்: 'தருமபுரி' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேள். நாம் எண்ணினால் ஐந்து எழுத்து. அது 8 என்று சொல்லும், ஏனென்றால் உகர, இகரக் குறிகளையும் தனித்தனியாக எண்ணுகிறது. அதையே யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் கோப்பில் எழுதினால் 24 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும்.

இரண்டாவது சிக்கல் பைத்தானின் ரவுண்டு ஃபங்ஷனால் வருவது. சரிபாதியில் நிற்கும் எண்ணை அது பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். 412.5 என்றால் 412, 413.5 என்றால் 414. எப்போதும் மேலே தள்ளினால் ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது மொத்தம் ஏறிவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பிழையில்லை, ஆனால் மண்டி வழக்கம் அதுவல்ல. டெசிமல் தொகுதியை எடுத்து, பாதியை மேலே தள்ளு என்று நாமே சொல்லிவிடலாம். பணத்தைப் பைத்தானின் சாதாரணப் புள்ளி எண்ணாக (ஃப்ளோட்) வைக்கவும் வேண்டாம். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பார், 0.30000000000000004 என்று வரும். காசுக் கணக்கில் முழு எண்ணாகவே வைத்துக்கொள்.

பைட், குறியீடு, எண்ணின் உள்ளமைப்பு என்று சி மொழி வழியாக உனக்குக் காட்ட நினைத்தவற்றில் பாதியைத் தக்காளிச் சீட்டே காட்டிவிட்டது. சியைப் படி என்று இப்போதும் சொல்வேன். ஆனால் இந்த மாதமே படி என்று சொல்ல மாட்டேன்.

தென்பெண்ணை (ஓசூர்)

ஐயா சொன்னதற்கு மேல் அந்த இரண்டைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. மூன்றாவதுதான் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது.

உங்கள் அப்பா கேட்ட கேள்வி இருக்கிறதே, ஆளைக் கணினிக்கு எப்படித் தெரியும் என்று, தகவலை ஒழுங்காகச் சேமித்துத் தேடி எடுக்கும் தரவுத்தளம் என்ற துறையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு விவசாயிக்கு ஓர் எண். பெயர், ஊர், போன் எல்லாம் ஒரே ஓர் இடத்தில் ஒரே ஒரு முறை. சீட்டில் பெயரை எழுதக் கூடாது, எண்ணைத்தான் எழுத வேண்டும். தகவலை இப்படி அட்டவணைகளாகப் பிரித்து, எண்ணால் இணைக்கும் முறையை எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அதிலிருந்து ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்ததுதான் தரவுத்தளத்திடம் கேட்டு வாங்கும் மொழியான எஸ்க்யூஎல். அதற்குப் பிறகு எத்தனையோ மொழிகள் வந்து போய்விட்டன. எஸ்க்யூஎல் இன்னும் வங்கியிலும் ரயில்வே முன்பதிவிலும் எங்கள் தொழிற்சாலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அடுத்து எஸ்க்யூஎல். எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருளில் தொடங்குங்கள். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. அண்ணனின் மடிக்கணினிக்கு அது ஒரு சுமையே இல்லை. அட்டவணை உருவாக்குவது, வரி சேர்ப்பது, தேடுவது, இரண்டு அட்டவணைகளை இணைப்பது, குழுவாகக் கூட்டுவது. முதல் கட்டத்துக்கு இவ்வளவு போதும்.

இதன் கூடவே, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியையும் பழகுங்கள். லினஸ் டொர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. நேற்று ஓடிய நிரல் இன்று ஓடவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது என்று காட்டும். நான்கைந்து கட்டளைகள் தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் உங்களுக்கு எப்போது வேண்டும் தெரியுமா? அப்பாவோடு இன்னொருவரும் உலாவியில் திறந்து சீட்டுப் போட வேண்டும் என்று கேட்கும் நாளில். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியைப் பற்றி அதற்கும் பிறகு யோசிக்கலாம்.

ராயக்கோட்டை சாலை (கிருஷ்ணகிரி)

இவ்வளவு பாடு எதற்கு? சாட்ஜிபிடியிடம் மண்டிக் கணக்கு நிரல் வேண்டும் என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தந்துவிடுகிறதே. இனி நிரல் எழுதப் படிப்பதே வீண் என்று பலரும் சொல்கிறார்கள்.

தென்பெண்ணை (ஓசூர்)

தரும், மறுக்கவில்லை. அலுவலகத்தில் நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் அது தந்ததை வரி வரியாகப் படித்து, புரிந்த பிறகுதான் உள்ளே சேர்க்கிறோம். ஐம்பது காசை இந்த மண்டியில் மேலே தள்ளுவார்கள் என்பதை யாராவது சொன்னால் தவிர அது எப்படி அறியும்? ஒரு ரூபாய் குறைந்ததைக் கண்டுபிடித்தது யார்? அப்பாவின் நோட்டும், அதோடு ஒப்பிட்டுப் பார்த்த மகளும். ஒரு விவசாயியின் கையில் போய்ச் சேரும் காசு இது. விடை சரியா என்று பார்க்கத் தெரியாத ஒருவர் அந்த நிரலை மண்டியில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சின்னாறு, அதனிடம் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். எழுதித் தா என்று கேட்பதைவிட, நான் எழுதியது ஏன் இப்படி ஓடுகிறது என்று விளக்கச் சொல்லிக் கேளுங்கள். விளக்கத்தையும் அப்படியே நம்பாமல் ஓட்டிப் பாருங்கள்.

சின்னாறு (பாலக்கோடு)

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. தொப்பூர் ஒன்றாகிவிட்டது. கமிஷனும் அப்பாவின் நோட்டோடு ஒத்துப்போகிறது.

அட்டவணைகளை இப்படிப் பிரித்திருக்கிறேன். விவசாயி: எண், பெயர், ஊர், போன், முன்பண பாக்கி. சீட்டு: எண், தேதி, விவசாயி எண், கூலி, வாடகை. சீட்டு வரி: சீட்டு எண், ரகம், பெட்டி, விலை. ஒரே சீட்டில் முதல் ரகம் ஒரு விலைக்கும் பொடி ரகம் வேறு விலைக்கும் போவதால் வரிகளைத் தனி அட்டவணை ஆக்கினேன். அட்டவணைகளை இணைத்து ஊர்வாரியாகக் கூட்டும் கட்டளை முதன்முறை சரியான விடை தந்தபோது அப்பாவை எழுப்பிக் காட்டினேன். இது சரியான அமைப்புதானா?

தென்பெண்ணை (ஓசூர்)

வரிகளைத் தனியாகப் பிரித்தது மிகச் சரி. யாரும் சொல்லாமல் நீங்களே அதைச் செய்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

முன்பண பாக்கியை மட்டும் விவசாயி அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். முன்பணம் என்று தனி அட்டவணை போட்டு, கொடுத்தது ஒரு வரி, கழித்தது ஒரு வரி என்று எழுதிக்கொண்டே போங்கள். பாக்கி வேண்டும்போது கூட்டி எடுத்துக்கொள்ளலாம். பாக்கியை ஓர் எண்ணாக எழுதி வைத்தால், ஒரு நாள் அது தவறிப்போகும்போது எந்தச் சீட்டில் தவறியது என்று தேட வழி இருக்காது. தவறாக எழுதிய வரியையும் அழிக்காதீர்கள்; எதிர் வரி போட்டு நேர் செய்யுங்கள். அப்பாவும் நோட்டில் அப்படித்தான் செய்வார், கேட்டுப் பாருங்கள்.

இன்னும் மூன்று. எஸ்க்யூலைட் தானாகவே அயல் விசையை, அதாவது சீட்டில் உள்ள விவசாயி எண் விவசாயி அட்டவணையில் இருக்கிறதா என்பதை, சரிபார்க்காது. ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் ஃபாரின் கீஸ் என்ற பிராக்மாவை (எஸ்க்யூலைட்டின் அமைப்புக் கட்டளை) இயக்க வேண்டும். இல்லையென்றால் இல்லாத விவசாயியின் எண்ணிலும் சீட்டு விழும். பெயரைக் கட்டளைக்குள் ஒட்டாமல், அது வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வைத்து, பெயரைத் தனியாக அனுப்புங்கள். பெயருக்குள் ஒரு மேற்கோள்குறி வந்தாலே கட்டளை உடைந்துவிடும். தெரிந்தே கெடுதல் செய்ய நினைப்பவருக்கும் அது வாசலைத் திறந்துவிடும். மூன்றாவது, மண்டி மூடியதும் தினமும் நகல் எடுங்கள். பைத்தானின் இணைப்பிலேயே பேக்கப் என்று ஒரு வழி இருக்கிறது. நகலை மடிக்கணினியில் வைக்காமல் பென் டிரைவில் வையுங்கள். அப்பாவின் நோட்டும் இன்னும் சில மாதம் கூடவே ஓடட்டும்.

வத்தல்மலை (தருமபுரி)

ஜாவாவிலிருந்தும் ஜேடிபிசி என்ற தரவுத்தள இணைப்பு வழியாக இதே எஸ்க்யூலைட் கோப்பைத் திறக்கலாம். எனக்கு எப்படியும் ஒரு புராஜெக்ட் செய்தாக வேண்டும். நூலக மேலாண்மை என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். வழிகாட்டி ஆசிரியரிடம் பேசி மாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். சின்னாறு, உங்கள் அட்டவணை அமைப்பைக் கிட்டில் ஏற்றிப் பகிர்ந்தால் சீட்டு அச்சிடும் பகுதியை நான் எழுதுகிறேன். ஏற்றும் முன் விவசாயிகளின் பெயரையும் போன் எண்ணையும் எடுத்துவிடுங்கள். தரவுத்தளக் கோப்பை ஏற்ற வேண்டாம், அட்டவணை உருவாக்கும் கட்டளைகள் மட்டும் எனக்குப் போதும்.